சிவப்புப் பொட்டு வைத்த பிளக்

பொட்டு மேலே இருந்தால் இனிக்கிறதாம், கீழே போனால் கசக்கிறதாம். பொட்டு என்றால் என் நெயில் பாலிஷ். கல்யாணத்துக்கு வாங்கி, ஒரு தடவையோ இரண்டு தடவையோ பூசிவிட்டு பீரோவில் வைத்திருந்த சிவப்பு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுத்து, ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்த தன் பழைய வால்வு ரேடியோவின் டூ பின் பிளக்கில் ஒரு பக்கம் பொட்டு வைத்துவிட்டார் என் வீட்டுக்காரர். இரண்டு கால் பிளக், எப்படித் திருப்பிச் செருகினாலும் நுழைந்துவிடும், ஆனால் இவருக்கு எப்படியோ செருகி வைத்தால் ஆகாது. ஒரு வழியாகச் செருகினால் ரெக்கார்டில் பாடுகிற அம்மாவின் குரலுக்குப் பின்னால் ஒரு இரைச்சல் வருகிறதாம், யாரோ போர்வைக்குள் குறட்டை விடுகிற மாதிரி. திருப்பிச் செருகினால் குறட்டை போய்விடுகிறதாம். இதைச் சரிபார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையும் அதுவுமாக இரண்டு பெரிய மனிதர்கள் குளித்து, டிபன் முடித்து, என் ஹாலில் ஜமுக்காளத்தின் மேல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் அனந்தராமன் சார், காலேஜில் சரித்திரம் நடத்தி ரிட்டையர் ஆனவர். இன்னொருவர் தேவசகாயம், பெரிய கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. நான் சமையலறை வாசற்படியில் எங்கள் கைக்குழந்தை மதியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். "இப்ப கேளுங்க, பொட்டு கீழ" என்கிறார் இவர். கேட்கிறார்கள். முகத்தைச் சுளிக்கிறார்கள். "இப்ப கேளுங்க, பொட்டு மேல." கேட்கிறார்கள். "தேன் சார், தேன்" என்கிறார் தேவசகாயம். உதட்டோரத்தில் வடைத்துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது தேனோடு சேர்ந்து ஆடுகிறது. அனந்தராமன் சார் ரசிக்கும்போது வாயைத் திறந்துவிடுவார். மேல் பல் செட்டு லூஸ். தாளத்துக்குத் தாளம் கீழே இறங்கி மேலே ஏறுகிறது. நான் பல் செட்டு செய்கிற லேபில் வேலை பார்க்கிறவள். ஊர் வாய் முழுக்க பிளாஸ்டர் அச்சில் பார்த்தவள், எனக்கு எந்த வாயும் அருவருப்பில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இந்த ஹாலில் திறந்து கிடக்கிற வாய்களைப் பார்த்தால் குமட்டுகிறது. வாய் என்ன செய்யும் பாவம். காதுதான் குமட்டுகிறது. இவ்வளவு கேட்கிற காது.

இவ்வளவு கேட்கிற காதுக்கு அன்றைக்கு நான் கத்தியது கேட்கவில்லை. மதி வயிற்றில் இருந்தாளா? இல்லை, அதற்கும் முன்னால். ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஈரக் கால், ஈரக் கை. ரேடியோவின் முன்பக்கம் வரிசையாக இருக்கிற குமிழ்களில் ஒன்று கழன்று எப்போதோ தொலைந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு இரும்புத் தண்டு மட்டும் விரல் நீளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். துணியோடு அதில் கை பட்டது. பட்டதுதான் தெரியும். யாரோ முழங்கைக்குள் புகுந்து எலும்பைப் பிடித்து முறுக்கின மாதிரி இருந்தது. துணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "அம்மா" என்று கத்தினேன். இவர் சோபாவில்தான் இருந்தார். கண்ணைத் திறக்கவில்லை, கையை மட்டும் தூக்கினார், போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி. பாட்டு சரணத்தில் இருந்ததாம். சரணம் முடிந்த பிறகு "என்ன?" என்று கேட்டார். ஷாக் அடித்துவிட்டது என்றேன். "அது ஷாக் இல்ல, உன் உடம்பு வாகு அப்படி. நீ நைலான் புடவை கட்டியிருக்கல்ல, அதுல வர்ற கரண்டு அது" என்றார். நான் கட்டியிருந்தது நூல் புடவை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே இரண்டு பேர் முன்னால் அதையே சொல்லிச் சிரித்தார். "எங்க வீட்ல வடிவுக்கு ரேடியோவைக் கண்டா ஷாக், பில்லைக் கண்டா எனக்கு ஷாக்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போதும் வாயைக் கொப்பளிக்கலாம் போல இருக்கிறது. அவர் வெளியே போயிருந்த ஒரு மதியம் டூல்ஸ் டப்பாவிலிருந்து டெஸ்டரை எடுத்து அந்தத் தண்டில் வைத்தேன். குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிளக்கைப் பிடுங்கி, திருப்பிச் செருகி, மறுபடி வைத்தேன். எரியவில்லை. மறுபடி திருப்பினேன், எரிந்தது. நான் படித்த படிப்புக்கு அது போதும். ரேடியோ ரிப்பேர் கடைக்காரரிடம் போனில் கேட்டதற்கு அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "அந்தக் காலத்து செட்டும்மா, சிலதுல டிரான்ஸ்பார்மரே இருக்காது. செவுத்துல வர்ற ரெண்டு வயர்ல ஒண்ணு நேரா உள்ள இரும்புத் தட்டுல போய் உக்காந்துக்கும். நியூட்ரல் உக்காந்தா ஒண்ணும் பண்ணாது. பேஸ் உக்காந்துச்சுன்னா வெளிய தெரியற இரும்பெல்லாம் கரண்டுதான். தள்ளியே இருங்க." பொட்டு கீழே இருந்தால் நியூட்ரல், குறட்டை. பொட்டு மேலே இருந்தால் பேஸ், தேன். அன்றைக்குப் பொட்டு கிடையாது, நான் பிளக்கைக் குறட்டைப் பக்கமாகத் திருப்பிச் செருகி வைத்தேன். சாயங்காலம் வந்தார், போட்டார், முதல் வரி முடிவதற்குள் "யாரு பிளக்கைத் தொட்டது?" என்றார். அதன் பிறகுதான் என் நெயில் பாலிஷ் போனது.

மதி நெளிகிறாள். இறங்க வேண்டுமாம். எச்சில் ஒழுகி என் தோளெல்லாம் ஈரம், அவள் கையெல்லாம் ஈரம். பல் முளைக்கிற நேரம், கையை வாயிலேயே வைத்திருக்கிறாள். தவழ ஆரம்பித்ததிலிருந்து இவளைப் பிடிக்க முடிவதில்லை, இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறாள். கட்டில் கால், பக்கெட் விளிம்பு, என் முழங்கால். நின்றவுடன் தானே ஆச்சரியப்பட்டு உட்கார்ந்துவிடுவாள். ரேடியோ வைத்திருக்கிற பலகை தரையோடு தரையாகத்தான் இருக்கிறது, உயரத்தில் வைத்தால் ஒலி மெலிந்துவிடுமாம். உட்கார்ந்திருக்கிற குழந்தை கையை நீட்டினால் அந்தத் தண்டு சரியாக எட்டும். பிடித்து எழுந்திருக்க அளந்து செய்த மாதிரி. இது இன்றைக்குப் பிரச்சினை இல்லை. இன்றைக்கு என் இடுப்பு இருக்கிறது. நாளைக்கு நான் வேலைக்குத் திரும்புகிறேன். லீவு முடிந்துவிட்டது, லேபில் ஆளில்லாமல் கத்துகிறார்கள். இவருக்குக் காலை ஷிப்ட், மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார், அதுவரை எதிர் வீட்டுப் புஷ்பம் பார்த்துக்கொள்வாள், மத்தியானத்திலிருந்து மதி இவரோடு. இவரும் மதியும் ரேடியோவும். கண்ணை மூடிக்கொண்டு இவர். சரணத்தில் இவர். கையைத் தூக்கிக்கொண்டு இவர். எத்தனை தடவை யோசித்தாலும் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது, அதற்கு மேல் யோசிக்க விடவில்லை. வேறு எதையாவது நினை. இட்லி மாவு. நாளைக்கு இட்லிக்கு மாவு இருக்கிறதா. மதிக்குக் கேரட் வேக வைத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். புஷ்பத்திடம் சொல்ல வேண்டும். புஷ்பத்திடம் என்னவென்று சொல்வது, இரண்டு மணிக்குக் குழந்தையை அவள் அப்பாவிடம் கொடுக்காதே என்றா? இவர் கெட்டவர் இல்லை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். குடி கிடையாது. பிள்ளை மேல் உயிர். மதிக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு ராத்திரி பூராவும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தெரியாத மனிதர், அவ்வளவுதான். கரண்டு பற்றித் தெரியாது, என் பேச்சையும் நம்பவில்லை, முட்டாள்தனம். முட்டாள்தனத்தோடு குடித்தனம் நடத்தலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே நடத்துகிறார்கள்.

சளப் சளப் என்று நடக்கிறார். ரேடியோ பக்கம் போய் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுகிறார், திரும்பி வருகிறார். சளப் சளப். வீட்டுக்குள் செருப்பு. இதுவும் எனக்கு அருவருப்பு. கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட வாசலில் கழற்றிவிட்டு வருகிற வீட்டில் இவர் மட்டும் ஹவாய் செருப்போடு ஹாலில் நடப்பார். கேட்டால் குதிகால் வலி, டாக்டர் சொன்னார், மொசைக் தரை ஆகாது. நீல வார், வெள்ளை ரப்பர், குதிகால் அழுந்தி அழுந்திக் கறுத்த பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாவம் வலி என்று விட்டுவிடுவேன். எந்த டாக்டர்? மாத்திரை எதுவும் வாங்கினதில்லை. காலையில் பல் தேய்க்கப் போகும்போது வெறுங்கால்தான். குளித்துவிட்டு வரும்போது வெறுங்கால், ஈர மொசைக்கில் தடம் வைத்துக்கொண்டு வருவார். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடாம் காயவைக்க எனக்கு உதவினாரே, வெறுங்காலோடு, "சுடுது சுடுது" என்று குதித்துக்கொண்டு. அன்றைக்குக் குதிகால் எங்கே போயிருந்தது? சமையலறையில் வெறுங்கால். படுக்கையறையில் வெறுங்கால். சாயங்காலம் ரேடியோவைப் போடுவதற்கு முன்னால் கட்டிலுக்கடியில் காலை விட்டுத் துழாவுவார், செருப்பைத் தேடி. அதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவோ தடவை பார்த்திருக்கிறேன். செருப்பு கிடைக்கவில்லை என்றால் அன்றைக்குப் பாட்டு கிடையாது, "தலைவலி" என்பார். இல்லை. இது என் மனசு கெட்டுப்போய்ப் பின்னுவது. ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் அவர் செருப்பில்கூடக் குற்றம் தெரியும். குதிகால் வலி சிலருக்கு வந்து வந்து போகும். லேபில் கமலாக்காவுக்கு அப்படித்தான். ஆனால் கமலாக்காவுக்கு ரேடியோ பக்கத்தில் போகும்போது மட்டும் பார்த்து வலி வருவதில்லை. ரப்பர் செருப்பு போட்டால் கரண்டு தரைக்கு இறங்காது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு ஷாக் அடித்த பிறகு "செருப்பு போட்டுக்கிட்டுத் துடை" என்றுகூட இவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஷாக் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. ஒப்புக்கொண்டால் பொட்டைக் கீழே திருப்ப வேண்டுமே. கீழே திருப்பினால் குறட்டை.

கடைக்காரர் வழியும் சொன்னார். ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி நடுவில் வைத்துவிட்டால் போதும், எந்தப் பக்கம் செருகினாலும் தொட்டால் அடிக்காது. நான் அதை இவரிடம் சொன்னபோது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கை நின்றது. "அது வச்சா பாட்டுல உயிரே இருக்காது வடிவு" என்றார், யாரோ நெருங்கின சொந்தக்காரர் செத்துப்போன குரலில். இதே இரண்டு பேரிடமும் அபிப்பிராயம் கேட்டார். அனந்தராமன் சார் பெருமூச்சு விட்டார், செட்டு இறங்கி ஏறியது. தேவசகாயம் மட்டும் "தங்கச்சி சொல்றதுலயும் ஒரு இது இருக்கே சார்" என்று மெல்ல இழுத்தார், இவர் பார்த்த பார்வையில் காபியைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் நல்லவர்கள். எல்லாருக்கும் காது. பாட்டில் உயிர். தெரிந்து செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா, அது ஒன்று தெரிந்தால் போதும் எனக்கு. கேட்டால் சொல்ல மாட்டார். கேட்டால் நைலான் புடவை என்பார், உடம்பு வாகு என்பார், குதிகால் என்பார். நாளைக்கு நான் அச்சுக்குப் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருக்கும்போது அது உறைகிற நேரம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருப்பேன். ரெக்கார்டில் அந்த அம்மாவின் பாட்டு முடியப் போகிறது. கடைசி வரியை இழுக்கிறாள். இரண்டு தலைகளும் ஒரே மாதிரி ஆடுகின்றன. பிளக் பாயின்ட் இங்கே இருக்கிறது, என் முழங்கால் உயரத்தில், வாசற்படிக்குப் பக்கத்தில். வயர் சுவரோரமாக ஓடி அந்த மூலைக்குப் போகிறது. இவ்வளவு நேரமும் பொட்டு என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பாட்டு முடிந்தது. ஊசியைத் தூக்கி வைக்கிறார். இசைத்தட்டைக் கையில் எடுத்து, ஜன்னலோரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெல்வெட் துணியால் துடைக்கிறார், மறுபக்கம் போடப் போகிறார். துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஊதி, மறுபடி துடைப்பார். குழந்தைக்குக்கூட அப்படித் துடைத்துவிட்டதில்லை. "வடிவு, இன்னொரு ரவுண்டு காபி" என்கிறார் திரும்பாமல். "இவளை என்ன பண்றது?" என்கிறேன். "கீழ விடேன், என்ன இப்ப" என்கிறார் திரும்பாமல். பழக்கத்தில் வந்த வார்த்தை, யோசித்துச் சொன்னது இல்லை. நான் குனிகிறேன். குனிந்து முதலில் பிளக்கைப் பிடுங்குகிறேன். அந்த மூலையில் ரேடியோவின் மஞ்சள் வெளிச்சம் அணைகிறது. ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. பிளக்கை முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு மதியை இறக்கி விடுகிறேன். என் நெஞ்சு அடிக்கிற அடி இவர்களுக்குக் கேட்டுவிடும் போல இருக்கிறது. பெற்ற பிள்ளையை வைத்துச் சோதனை செய்கிறேனே, நானும் ஒரு தாயா என்று என்மேலேயே அருவருப்பு வருகிறது, இருந்தாலும் கையிலிருக்கிற பிளக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டு காலும் என் உள்ளங்கையில் குத்துகின்றன. குத்தட்டும், அப்போதுதான் அது என்னிடம் இருக்கிறது என்று நம்ப முடிகிறது. மதி தவழ்கிறாள். அனந்தராமன் சாரின் காலைச் சுற்றி, தேவசகாயத்தின் டபராவைத் தட்டிவிட்டு, ஈரக் கையால் மொசைக்கில் அடித்துக்கொண்டு நேராக அங்கேதான் போகிறாள். வேறு எங்கே போவாள், இந்த வீட்டில் அவளைத் தொடவிடாத பொருள் அது ஒன்றுதான். உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறாள். எச்சில் கையை நீட்டித் தண்டைப் பிடிக்கிறாள். பிடித்து, உந்தி, எழுந்து நிற்கிறாள்.

இவர் திரும்புகிறார். "ஐயோ! தொடாதடீ! ஷாக்குடீ!" தட்டு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உடைகிறது. பாய்ந்து வருகிறார், சளப் சளப். குழந்தைக்குப் பக்கத்தில் வந்து, கை எட்டுகிற தூரத்தில், நின்றுவிடுகிறார். நீட்டின இரண்டு கையையும் சட்டென்று நெஞ்சோடு இழுத்துக்கொள்கிறார். ஷாக் அடிக்கிறவரைத் தொடக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. அது வரைக்கும் தெரிந்திருக்கிறது. "சுவிட்சு! வடிவு, சுவிட்சை அணைடீ!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். மதி இவரைப் பார்த்துச் சிரிக்கிறாள், புது விளையாட்டு என்று. ஒரு கையை விட்டுவிட்டு ஒரே கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அனந்தராமன் சார் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். தேவசகாயம் மெதுவாகத் தன் வெறுங்கால்களை ஜமுக்காளத்துக்கு உள்ளே இழுத்துக்கொள்கிறார். "அப்ப தங்கச்சி சொன்னது நெசந்தானா சார்?" என்று கேட்கிறார். இவருடைய கால் விரல்கள் செருப்பு வாரைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. என்னைப் பார்க்கிறார், சுவிட்சை ஏன் அணைக்கவில்லை என்று. நான் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து விரித்துக் காட்டுகிறேன். பிளக் உள்ளங்கையில் கிடக்கிறது. பொட்டு மேலேதான் இருக்கிறது.